மத்திய லண்டன் 'பப்'புகளில் ஓர் அச்சுவேலித் தம்பி

குடும்பங்கள் வாசிக்கும் சஞ்சிகையில் 'பப்' பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். நியாயமே. குடி எம்மவர் வீடுகளில் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. இரவு வேலை, ஊர்க் கவலை, தனிமை, குளிர் என்று ஏதோ ஒரு சாட்டில் தொடங்கி, சம்பளத்தையும் குடும்பத்தையும் போத்தலுக்குள் தொலைத்தவர்களைக் கிங்ஸ்பரியிலும் கண்டிருக்கிறோம், வெம்பிளியிலும் கண்டிருக்கிறோம். ஆனால் இங்கே சொல்ல வருவது அதுவல்ல. எம்மில் எவரும் அகதியாக வந்து இறங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, லண்டன் நகரின் நடுவிலுள்ள மதுச்சாலைகளில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, அங்கிருந்தபடியே ஆங்கில இலக்கியத்தில் பெயர் பதித்த ஒரு யாழ்ப்பாணத்தவரின் கதை இது.

அதற்கு முன் ஒரு சொல். ஊரில் கள்ளுத் தவறணை என்போமே, அந்தத் 'தவறணை' போர்த்துக்கீசர் எமக்கு விட்டுப் போன சொல். ஆங்கிலேயரின் 'ரவேர்ண்' என்பதும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். சொல் மட்டுமா, ஆட்களும் ஒரே மாதிரித்தான்! பின்னேரம் நாலு மணிக்கு இன்ன வடலியடியில் இன்னார் குந்தியிருப்பார், அவருக்கு இன்ன மரத்துக் கள்ளுத்தான் சரிவரும். ஓலைப் பிளாவைப் பிடிக்கிற பிடியிலேயே ஆளைச் சொல்லிவிடலாம். இங்கே இந்த வழக்கமான ஆட்களை 'றெகுலர்ஸ்' என்கிறார்கள். அவர் நிற்கும் மூலையில் புதியவன் ஒருவன் போய் நின்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒக்ஸ்போர்ட் தெருவுக்கு வடக்கே, ரொட்டன்ஹாம் கோர்ட் றோட்டுக்கு மேற்கே உள்ள சிறு தெருக்களைப் 'பிட்ஸ்றோவியா' என்று அழைப்பார்கள். சார்லட் தெரு மூலையில் நிற்கும் 'பிட்ஸ்றோய் ரவேர்ண்' என்ற மதுச்சாலையை ஒட்டி வந்த பெயர். 1919 இல் இதைப் பொறுப்பெடுத்து நடத்தியவர் ஆங்கிலேயர் அல்லர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஜூடா கிளைன்பெல்ட் என்ற யூதத் தையற்காரர்! அவருடைய கடையில் ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர்கள் சில்லறைக் காசைக் கடதாசியில் சுற்றி, சிறு ஈட்டியோடு சேர்த்துக் கூரையைப் பார்த்து எறிவார்கள். அது அங்கேயே குத்திக்கொண்டு தொங்கும். குறித்த காலத்துக்கு ஒரு முறை அதை இறக்கி எண்ணி, அயலிலுள்ள ஏழைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்வார்கள். குடிகாரரின் காசில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்!

அங்கிருந்து சில நிமிட நடையில், றத்போன் பிளேஸில், 'வீட்ஷீவ்'. கோதுமைக் கதிர்க்கட்டு என்று பொருள். ஸ்கொட்லாந்து பியர் விற்ற கடை. வெல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தோமஸ் தன் மனைவியாகப் போகும் கெயிட்லினை 1936 இல் முதன்முதலாகச் சந்தித்தது இங்கேதான் என்பார்கள். ஜோர்ஜ் ஓர்வெல் வந்து போவார். நீனா ஹாம்னெற் என்ற ஓவியர், ஒரு காலத்தில் பரிஸ் நகரின் பெரிய கலைஞர்களோடு பழகியவர், பின்னாளில் யாராவது ஒரு கிளாஸ் வாங்கித் தருவார்களா என்று சில்லறைத் தகரத்தைக் குலுக்கிக்கொண்டு இந்தக் கடைகளில் இருந்தார்.

இந்தக் கூட்டத்தின் நடுவில்தான் எங்கள் ஆள்.

மேரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து. 1915 ஓகஸ்ட் 15 இல் பிறந்தவர். அச்சுவேலிக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கியது. 1938 தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதில், கப்பலில் லண்டன் வந்து சேர்ந்தார். சட்டமோ வைத்தியமோ படிக்க அல்ல, கவிஞனாக வாழ! அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன இருந்திருக்கும்? நீண்ட தலைமுடி, அழகிய முகம், கையில் காசில்லை. யாழ்ப்பாண மன்னர் பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். அதை நம்பியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. லண்டன் முழுவதும் அவரைத் 'தம்பி' என்றே அழைத்தது. வயதில் மூத்த வெள்ளையர், இளையவர், பெண்கள், மதுச்சாலைக்காரர் எல்லோருக்கும் தம்பி. அந்தச் சொல்லின் பொருள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

வந்து ஓராண்டில், 1939 தொடக்கத்தில், அன்ரனி டிக்கின்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 'பொயற்றி லண்டன்' என்ற கவிதை ஏட்டைத் தொடங்கினார். எல்லா மனிதருக்குள்ளும் கவிதை உண்டு என்பது அவர் கொள்கை. அந்த ஏட்டின் சின்னம் 'லயர் பேர்ட்' என்ற அவுஸ்திரேலியப் பறவை. வால் யாழ் வடிவத்தில் விரிவதால் தமிழில் யாழ்ப்பறவை என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் லண்டனில் நடத்திய ஏட்டுக்கு யாழ்ப்பறவை சின்னம்! அவர் அப்படி நினைத்து வைத்தாரோ இல்லையோ, எமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

தம்பிக்குப் பெரும்பாலும் அலுவலகம் மதுச்சாலைதான். கவிதை எழுதியவன் வீட்ஷீவுக்கு வந்தால் ஆசிரியரைப் பிடிக்கலாம். விண்ணப்பப் படிவம் இல்லை, காரியதரிசி இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரச் சட்டிக்குள் கையெழுத்துப் பிரதிகளைப் போட்டு வைத்திருந்தார் என்ற கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அது எவ்வளவுக்கு உண்மையோ, அவர் கை பட்டு வெளிவந்தவை உண்மை. 1943 முதல் அவர் நடத்திய பதிப்பகத்தில் கத்லீன் றெயினின் முதற் கவிதைத் தொகுதி வந்தது. ஹென்றி மூர் நிலக்கீழ் ரயில் நிலையங்களில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கிய மக்களை வரைந்த சித்திரங்கள் 1945 இல் நூலாகின. எலிசபெத் ஸ்மாட்டின் புகழ்பெற்ற நாவல், நபொக்கோவின் 'செபஸ்ரியன் நைட்' நாவலின் பிரித்தானியப் பதிப்பு ஆகியனவும் அதே ஆண்டில்தான். போர்க்களத்திலிருந்து தம்பிக்கு எழுதிக்கொண்டிருந்த கீத் டக்ளஸ் என்ற இளைஞன் 1944 யூனில் நோர்மண்டியில் இறந்தான். அவனுடைய பாலைவனப் போர்க் குறிப்புகளை 1946 இல் அச்சேற்றியவர் தம்பி. ரி.எஸ்.எலியட் பணியாற்றிய பேபர் நிறுவனம் 1942 இல் யுத்தகாலக் கவிதைத் தொகுப்பொன்றை வெளியிட்டபோது அதன் தொகுப்பாசிரியரும் இவரே.

அதே ஆண்டு பி.பி.சி. கீழைத்தேயச் சேவையில் எடுத்த ஒரு படம் உண்டு. எலியட், ஜமெய்க்காவின் ஊனா மார்சன், முல்க் ராஜ் ஆனந்த், ஓர்வெல் ஆகியோரோடு தம்பிமுத்துவும் அதில் இருக்கிறார். அந்தச் சேவை இயங்கியது 200, ஒக்ஸ்போர்ட் தெருவில். அங்கிருந்து வீட்ஷீவுக்கு நடந்தே போகலாம்.

மூடும் நேரமும் ஒரு கூத்து. லைசென்ஸ் வட்டாரத்துக்கு வட்டாரம் நேரம் வேறு. இங்கே பத்தரைக்கு மணி அடித்துவிட்டால், ஒக்ஸ்போர்ட் தெருவைக் கடந்து சோஹோவுக்குள் ஓடினால் இன்னும் அரை மணித்தியாலம் கிடைக்கும். குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கணைத்த இருட்டில், கவிஞர்களும் படைவீரரும் ஓவியர்களும் அந்த அரை மணித்தியாலத்துக்காகத் தெருவைக் கடந்து ஓடினார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு கறுத்த மனிதன் இப்படி உரிமையோடு நிற்கக்கூடிய மதுச்சாலைகள் அந்தக் காலத்தில் எங்கும் இருக்கவில்லை. தம்பி வீட்ஷீவில் நின்று இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், பேர்மிங்ஹாமுக்கு அருகேயுள்ள ஸ்மெதிக் நகரில் 'புளூ கேற்ஸ்' என்ற பப்பில் வெள்ளையர் அல்லாதவருக்கு ஓர் அறை மூடப்பட்டே இருந்தது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தினரின் அழைப்பில் 1965 பெப்ரவரி 12 இல் அங்கே நேரில் போய்ப் பார்த்தவர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ். ஒன்பது நாட்களின் பின் நியூயோர்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இறுதியில் வந்த இன உறவுச் சட்டம்தான் பப்பில் நிறம் பார்த்து மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. வெள்ளையனை மட்டும் திட்டி என்ன பயன்? அதே அறுபதுகளில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் யார் உள்ளே இருக்கலாம், யாருக்கு வெளியே போத்தலில் தேநீர் என்ற வழக்கை உடைக்கப் போராட வேண்டியிருந்ததை வயது போனவர்கள் அறிவார்கள்.

சரி, தம்பியிடம் திரும்புவோம். எழுத்தாளர் ஜூலியன் மக்லாரன் றொஸ், அந்த நாற்பதுகளைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகள் அவர் இறந்த பின் 1965 இல் நூலாக வந்தன. தம்பியைச் சந்தித்த கதை அதில் இருக்கிறது. தம்பி அவருக்கு ஒரு நோயைப் பற்றி எச்சரிக்கை செய்தாராம். 'சோஹோயிற்றிஸ்' என்பது அதன் பெயர். பிடித்துவிட்டால் இரவும் பகலும் அந்தத் தெருக்களிலேயே கிடப்பீர்கள், வேலை எதுவும் நடக்காது என்றாராம். கேட்ட றொஸ் வீட்ஷீவில் தன் மூலையைப் பிடித்துக்கொண்டு கதைகளைப் பேசித் தீர்த்தார். 1964 இல், ஐம்பத்திரண்டு வயதில், அந்த நினைவுக் குறிப்புகளையே முடிக்காமல் இறந்தார். டிலன் தோமஸ் 1953 இல் நியூயோர்க்கில், முப்பத்தொன்பது வயதில். நோயைக் கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்த வைத்தியருக்கும் அது தொற்றாமல் விடவில்லை. கணக்கு வழக்கில்லை, சொன்ன திகதியில் ஏடு வராது, பிரதிகள் தொலையும். 1940களின் இறுதிக்குள் 'பொயற்றி லண்டன்' அவர் கையை விட்டுப் போயிற்று. எந்தக் கூட்டம் அவருக்குக் கவிஞர்களைத் தந்ததோ, அதே கூட்டம்தான் அவருடைய நாட்களையும் தின்றது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எம்மால் முடியவில்லை.

அதன் பின் இலங்கை, அங்கிருந்து நியூயோர்க், அங்கும் ஓர் ஏடு. 1968 இல் மீண்டும் லண்டன். பீற்றில்ஸ் குழுவின் 'அப்பிள்' நிறுவன உதவியோடு 1979 இல் ஒரு புதிய ஏடு வந்தது. பழைய நண்பர்கள் பலர் போய்விட்டார்கள், பழைய மதுச்சாலைகளில் நின்றவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது.

1983 யூனில் தம்பிமுத்து லண்டனில் காலமானார். அடுத்த மாதம் யூலை. அந்த யூலைக்குப் பின் எங்களில் எத்தனை ஆயிரம் பேர் ஹீத்றோவில் வந்து இறங்கினோம்! இறங்கியபோது, இந்த நகரின் நடுவில் எங்கள் ஊரவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலக் கவிஞர்களுக்கு ஆசிரியராக இருந்தார் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் தமிழில் எழுதவில்லை, அதனால் நாம் அவரைத் தேடவில்லை. அவருடைய சொந்தக் கவிதைகளைவிட மற்றவர் கவிதையை இனம் கண்ட அவருடைய கண்தான் பெரிது என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலேயர் அவரை மறக்கவில்லை. நண்பர்கள் எழுதிய நினைவுகளைத் திரட்டி ஜேன் வில்லியம்ஸ் 1989 இல் ஒரு நூலே வெளியிட்டார்.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோருக்கு வழி சுலபம். கிங்ஸ்பரியில் ஜுபிலி ரயில் ஏறி பொண்ட் ஸ்ட்றீட்டில் மாறினால், சென்ட்ரல் பாதையில் இரண்டாவது நிறுத்தம் ரொட்டன்ஹாம் கோர்ட் றோட். ஒக்ஸ்போர்ட் தெருவில் மேற்குப் பக்கமாக நடந்து வலப்பக்கம் திரும்பினால் றத்போன் பிளேஸ். வீட்ஷீவைத் தாண்டி நேரே வடக்கே போனால் சார்லட் தெருவும் பிட்ஸ்றோய் ரவேர்ணும். குடிக்க விருப்பமில்லாதவர்கள் ஓரஞ்ச் யூஸ் கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். 2007 யூலையிலிருந்து உள்ளே புகையும் கிடையாது. அங்கிருந்து இருபத்தைந்து நிமிடம் நடந்தால் யூஸ்டன் றோட்டில் பிரித்தானிய நூலகம். வாசகர் அட்டை எடுத்தால் 'பொயற்றி லண்டன்' இதழ்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். யாழ்ப்பறவை அதிலே இருக்கிறது.