பின்னிருக்கையில் அமர்பவர்

"வண்டி எதிலும் மோதவில்லை, டாக்டர். வேகத்தடையில் ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்தால் அம்மா பின்னால் இல்லை."

விபத்து சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவோருக்கு இச்சொற்கள் மிகவும் பழகியவை. சொல்பவர் பெரும்பாலும் மகனாகவோ கணவராகவோ இருப்பார். அவர் உடலில் சிராய்ப்புகூட இராது. படுக்கையில் கிடத்தப்பட்டிருப்பவருக்குத் தலையின் பின்புறம் வீங்கியிருக்கும். தாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்பார். விடை சொன்ன சிறிது நேரத்தில் அதே கேள்வியை மீண்டும் கேட்பார்.

மோட்டார் சைக்கிள் விபத்து என்றதும் நெடுஞ்சாலையில் விரைந்து சென்ற இளைஞனும் எதிரே வந்த லாரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய விபத்துகள் நாள்தோறும் நிகழ்கின்றன. ஆயினும் இக்கட்டுரை பேச விழைவது வேறொருவரைப் பற்றி. அவர் வண்டியை ஓட்டுவதில்லை, வேகத்தைத் தீர்மானிப்பதில்லை, எதிரே வரும் பள்ளமும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டி குலுங்கினால் முதலில் விழுபவர் மட்டும் அவரே.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தோர் 50,029 பேர்; அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

"மெதுவாகத்தான் போனோம்" என்பது உறவினர்கள் அடிக்கடி கூறும் ஆறுதல். அந்த ஆறுதலுக்கு அடிப்படை குறைவு. வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்திலிருந்து தடையின்றி விழும் தலை தரையில் மோதும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து விழுந்தாலும் இக்கணக்கு மாறாது. முன்னோக்கி விழுபவர் கைகளை ஊன்றியாவது ஓரளவு தப்பலாம். பின்னிருக்கையிலிருந்து மல்லாந்து விழுபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பின்மண்டைதான் தார்ச்சாலையில் அடிபடுகிறது.

வேகத்தடையில் இது ஏன் இத்தனை முறை நேர்கிறது? பின்னிருக்கை ஏறத்தாழப் பின்சக்கரத்திற்கு நேர் மேலே அமைந்துள்ளது. பின்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது அங்கே அமர்ந்திருப்பவர் ஒரு கணம் இருக்கையை விட்டு எழும்புகிறார். முன்சக்கரம் கடந்துவிட்டதே என்று ஓட்டுபவர் அதே கணத்தில் வேகத்தைக் கூட்டினால் இருக்கை முன்னே நகர்ந்துவிடுகிறது. கம்பியைப் பிடிக்காமல், மடியில் பையோ குழந்தையோ வைத்துக்கொண்டு ஒருபக்கமாக அமர்ந்திருப்பவர் அப்போது எதைப் பற்றுவார்? நம் ஊர்களில் வெள்ளைக்கோடும் அறிவிப்புப் பலகையும் இல்லாத வேகத்தடைகளுக்குக் குறைவில்லை என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரமும் கடந்த பிறகே வேகம் கூட்டுவது என்ற ஒரு பழக்கமே இவ்விபத்துகளில் பலவற்றைத் தவிர்த்துவிடும்.

சேலை உடுத்தியவர்கள் இருபுறமும் கால்போட்டு அமர வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் அது எல்லோராலும் இயலக்கூடியதன்று. ஒருபக்கமாக அமர்வோர் ஒரு கையால் பின்கம்பியையோ ஓட்டுபவரின் இடுப்பையோ உறுதியாகப் பற்றிக்கொள்ளவும், பாதத்தைப் படியில் பதிக்கவும், மடியைக் காலியாக வைத்துக்கொள்ளவும் முடியும். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிய பின்னரே வண்டி புறப்பட வேண்டும். சக்கரத்தில் சிக்கிய துப்பட்டா கழுத்தை இறுக்கிக் குரல்வளையையும் கழுத்தெலும்பையும் சிதைத்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பின்சக்கரத்தின் பாதியளவையேனும் மறைக்கும் காப்பு, பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால்படி ஆகியவை ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி கூறுகிறது. அழகுக்காக அக்காப்பைக் கழற்றிவிடும் வழக்கம் இளைஞர்களிடையே உள்ளது. அந்த வண்டியில்தான் தாயும் தங்கையும் ஏறுகின்றனர். கால்படி எட்டாத குழந்தைகளின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்கிடையே சிக்கித் தோலும் சதையும் பிய்ந்து வருவதும் இக்காப்பு இல்லாத வண்டிகளில்தான். அத்தகைய புண்கள் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

பின்னால் ஒருவர் அமர்ந்த வண்டி, தனியாக ஓட்டும் வண்டி போன்றதன்று. எடை கூடுவதால் நிற்கும் தூரமும் கூடும். திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னிருப்பவரின் உடல் ஓட்டுபவரை முன்தள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஆபத்தை உணர்ந்து பிரேக்கைத் தொடுவதற்குள் கழியும் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகமாயின் ஏறத்தாழ 17 மீட்டர். முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் அந்த இடைவெளியை விட்டால் வேறொரு வண்டி அதில் நுழைந்துவிடுகிறது என்று வாசகர்கள் குறைபடலாம். உண்மைதான். நுழைந்தவருக்குப் பின்னால் மீண்டும் இடைவெளி விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள சந்தில் வண்டியைச் செலுத்துவதைப் போல் ஆபத்தானது நகரச் சாலையில் வேறில்லை என்பது எங்கள் கருத்து. அவ்விடத்தில் இறங்கும் பயணி உங்களைப் பார்ப்பதில்லை. இடப்பக்கம் ஒதுங்கும் ஓட்டுநரின் கண்ணாடியிலும் நீங்கள் தெரிவதில்லை. மற்றவர் நம்மைக் காணவில்லை என்றே கொள்வது நல்லது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கையும் இதையே காட்டியது. பிற வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடத் தவறியவர் மற்ற வாகனத்தின் ஓட்டுநரே.

தலைக்கவசம் இறப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, நான்கு வயதைக் கடந்த அனைவருக்கும், பின்னால் அமர்பவர் உட்பட, அதனைக் கட்டாயமாக்குகிறது. எனினும் பல இல்லங்களில் ஒரு தலைக்கவசமே உள்ளது. அதுவும் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு ஊர்வலம் போகிறது. பின்னிருப்பவருக்கும் அவர் தலைக்குப் பொருந்தும் அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஒன்று வாங்குங்கள். கொக்கியை மாட்டாத கவசம் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். உள்ளிருக்கும் தெர்மகோல் போன்ற அடுக்கு நசுங்கி அதிர்வை ஏற்பது ஒருமுறைக்கு மட்டுமே. பலத்த அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை ஏற்றிச் செல்வோர் குழந்தைக்குரிய தலைக்கவசமும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அணிவித்து, 40 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்ட வேண்டும் என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள விதி.

இவ்விதழை மருத்துவமனைக் கூடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பவரிடம் தனியே சில சொற்கள். இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருந்து, காலையில் வீட்டுக்குச் சென்று குளித்து, சாப்பாட்டுக் கேரியரைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு விரைந்து திரும்புபவர் நீங்களாக இருக்கலாம். தூக்கமின்மை கண்ணை மூடச் செய்யும் முன்பே முடிவெடுக்கும் விரைவைக் குறைத்துவிடுகிறது. கைப்பிடியில் தொங்கும் கேரியர், திரும்ப வேண்டிய நேரத்தில் கைப்பிடியைத் திரும்ப விடுவதில்லை. வார்டில் இருப்பவரிடம், வழியில் அழைப்பை எடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பும் நாளிலும் கவனம் தேவை. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரையும், மயக்கம் தரும் மருந்து உட்கொள்பவரையும், பச்சைக் குழந்தையுடன் இருக்கும் தாயையும் இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லாதீர்கள். அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்கு 102 ஊர்தி இலவசமாகக் கிடைக்கிறது.

பின்னிருந்து விழுந்தவர் எழுந்து நின்று "ஒன்றுமில்லை" என்று கூறினாலும் அன்றைய கணக்கு முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசியும் நிலையில், நன்றாகப் பேசியவர் சில மணி நேரத்தில் நினைவிழக்கக்கூடும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம், ஒரு கையோ காலோ தளர்தல், கண்மணிகள் அளவில் வேறுபடுதல், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். விழுந்தபோது நினைவு தப்பியிருந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராக இருந்தாலும், அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். நினைவிழந்தவருக்குத் தண்ணீர் புகட்ட வேண்டாம். மூச்சுத் திணறினாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் செயல்படும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், அதில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். உதவிக்கு வருபவரைச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

தலைக்கவசம் கழன்று கிடந்தால் அதையும் உடன் எடுத்து வாருங்கள். அது எப்பக்கம் நசுங்கியுள்ளது என்பதிலிருந்து, அடி எங்கே விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை மருத்துவர் ஊகிக்க முடியும்.