பால் பல் விழுந்தும் ரத்தம் நிற்கலையா? ஈறு சொல்லும் பரம்பரைச் சேதி!

மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். ஆறு வயதுப் பையனுக்குப் பால் பல் விழுகிறது. ராத்திரி தூங்கி எழுந்தால் தலையணையெல்லாம் ரத்தம். மறுநாளும் கசிவு நிற்கவில்லை. "உடம்பு சூடு, அதான்" என்கிறார் பாட்டி. இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள்!

பெரும்பாலானவர்களுக்கு ஈறில் ரத்தம் வருவது பற்களில் படியும் அழுக்கால்தான். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். அரிதாகச் சிலருக்குக் காரணம் ரத்தத்திலேயே, அதுவும் பரம்பரையாக இருக்கும்.

எந்தெந்த நோய்கள்?

ஹீமோபிலியாவில் ரத்தத்தை உறையவைக்கும் 8 அல்லது 9-ம் எண் காரணி குறைவாக இருக்கும். தாய் வழியாக வரும் இது, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் பாதிக்கும். கிளான்ஸ்மேன் நோயில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால், அவை ஒன்றோடொன்று ஒட்டாது. அம்மா, அப்பா இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இந்நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படுவது அதனால்தான்.

வான் வில்லிபிராண்ட் நோய் ஆண், பெண் இருவருக்கும் வரும். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பரிசோதித்த சிறுமி, பின்னாளில் மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். ஈறு கசிவோடு மாதவிடாயிலும் அதிக ரத்தம் போகிற பெண்கள், இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பயமே பகை!

'பிரஷ் பட்டால் ரத்தம் வரும்' என்று பல் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள் பலர். அழுக்கு சேர்ந்து, ஈறு வீங்கி, இன்னும் அதிகமாக ரத்தம் வரும். கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டிய நிலை. இவர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

என்ன செய்யலாம்?

* மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு வேளை துலக்குங்கள். செங்கல் பொடி வேண்டாம்.

* பல் வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவு கூடும்.

* பல் பிடுங்கும் முன் நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கீழ்த்தாடைக்குப் போடும் மரப்பு ஊசியே தொண்டைப் பக்கம் ரத்தம் கட்ட வைக்கலாம். ரத்தநோய் மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து பேசி, தேவைப்பட்டால் முதலில் காரணி ஊசி போடுவார்கள். கசிவை நிறுத்த டிரானெக்சாமிக் அமில மருந்தும் உண்டு.

* சாதாரண ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அடிக்கடி மூக்கில் ரத்தம், லேசாக இடித்தாலே நீலத் தழும்பு, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத பிரச்னை... இவற்றையும் சொல்லுங்கள்.

கடலோர மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலில் அங்கே விசாரிக்கலாம். தமிழக அரசு மருத்துவமனைகளில் ஹீமோபிலியாவுக்கான காரணி ஊசி இலவசம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலிலும் ஹீமோபிலியா இருக்கிறது. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் ஐந்து ஹீமோபிலியா நோயாளிகளுக்கு மரபணு சிகிச்சை அளித்த ஆய்வு முடிவுகள் 2024-ல் வெளியாகி நம்பிக்கை தந்திருக்கின்றன.

அடுத்த முறை உங்கள் பிள்ளைக்குப் பல் விழும்போது, விழுந்த பல்லைக் கூரையில் எறிவதோடு விட்டுவிடாதீர்கள். ரத்தம் எப்போது நின்றது என்றும் பாருங்கள்!