சமூகப் பணியாளர் யார்? அவரிடம் என்ன கேட்கலாம்?



மாமல்லபுரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நீ சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே வர்றே? அப்புறம் அது எப்படி சேவையாகும்?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது.

அன்னதானம் போடுவது, ஏழைப் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருவது சமூக சேவை. மனசு இருந்தால் யாரும் செய்யலாம். சமூகப் பணி என்பது படித்துச் செய்யும் தொழில். நர்ஸ் படிப்பு, டீச்சர் படிப்பு போல இதற்கும் படிப்பு உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. என்பது இரண்டு வருட முதுகலைப் படிப்பு. படிக்கும்போதே ஆஸ்பத்திரி, கிராமம், குழந்தைகள் இல்லம் என்று போய் வேலை பழக வேண்டும்.

இந்தியாவில் இதற்கான முதல் கல்லூரி 1936-ல் மும்பையில் தொடங்கியது. சென்னையில் 1952-ல் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வீட்டில் முடங்காமல் பொதுவேலைக்கு வந்தார். உதவி செய்ய மனசு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று கல்லூரி ஆரம்பித்தார்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நம் கடற்கரையில் அரிசி, துணி, பாத்திரம் வந்து குவிந்தன. அது சேவை. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் தவித்தவர்களிடமும், கடலைக் கண்டாலே பயந்த பிள்ளைகளிடமும் பேசுவதற்குப் பயிற்சி தேவைப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அப்போது தமிழ்நாட்டில் அந்தப் பயிற்சியைக் கொடுத்தது.

அபராதமா, ஆறுதலா?

ஒரு குழுவில் ஒரு சகோதரி மூன்று மாதம் சேமிப்பு கட்டவில்லை. தீர்மான நோட்டில் எழுதி அபராதம் போட்டார்கள். அவர் எதுவும் பேசவில்லை. நான் தனியாகப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கணவர் குடித்துவிட்டு அடித்து, காசைப் பிடுங்கிக் கொள்கிறார்.

"போலீசுக்குப் போ" என்றோ "பொறுத்துப் போ" என்றோ நான் சொல்லவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டேன். "அடி நிக்கணும். அவரும் திருந்தணும்" என்றார். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர், குடிநோய் சிகிச்சை எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு அவருடையது. முதலில் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். கணவர் ஒருமுறை மறுபடி குடித்தார். மறுபடி சிகிச்சைக்குப் போனார். அக்கா முக்கியக் காகிதங்களை அம்மா வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் சம்மதத்தோடு ஊக்குநரிடம் மட்டும் பேசினோம். குழு அபராதத்தை ரத்து செய்தது.

இன்னும் மூன்று மாதம் யாரும் கேட்காமல் இருந்திருந்தால்?

நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை

- நீங்கள் சொன்னதை ஊரில் சொல்லக் கூடாது. ஆனால் குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தால் மறைக்க முடியாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.
- மனு எழுத, ஆபீசுக்குக் கூட வர உங்களிடம் காசோ கமிஷனோ கேட்கக் கூடாது. கேட்டால் அவர் புரோக்கர்.
- உங்களுக்காக முடிவெடுக்கக் கூடாது. வழிகளைச் சொல்லி, கூட நிற்க வேண்டும்.
- சாதி, மதம், கட்சி பார்க்கக் கூடாது.

இப்படி நடக்காதவரைக் கேள்வி கேளுங்கள். என்னையும்தான்!

எங்கே போகலாம்?

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனக் கஷ்டத்துக்கு 14416. கட்டணம் கிடையாது. மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவை உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால், "சமூகப் பணியாளர் இருக்காங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் திடீரென்று வராமல் போனவர் யார்? காரணம் கேட்டோமா?
2. அபராதம் போடும் முன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க இரண்டு பேரை நியமிக்கலாமா?
3. மேலே உள்ள எண்கள் எல்லோருக்கும் தெரியுமா?

மார்ச் மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை உலக சமூகப் பணி நாள். அன்று எங்களுக்கு வாழ்த்து வேண்டாம். பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை கொஞ்ச நேரம் உட்காருங்கள். அதுவே போதும்.