எடிசன் மின்விளக்குக் காப்புரிமை வழக்கு

எடிசன் மின்விளக்குக் காப்புரிமை வழக்கு என்பது தாமஸ் ஆல்வா எடிசனின் கரியிழை மின்விளக்குக்கு வழங்கப்பட்ட காப்புரிமை செல்லுபடியாகுமா என்பது குறித்து ஐக்கிய அமெரிக்காவில் 1885 முதல் 1892 வரை நடைபெற்ற வழக்கு ஆகும். முந்தைய விளக்குகளிலேயே இக்கண்டுபிடிப்பு அடங்கியிருந்ததா என்பதே இதன் மையக் கேள்வி.

பின்னணி

எடிசன் 1879 நவம்பர் 4 அன்று விண்ணப்பித்து, 1880 ஜனவரி 27 அன்று 223,898 ஆம் இலக்கக் காப்புரிமையைப் பெற்றார். முழுவதும் கண்ணாடியாலான, காற்று அகற்றப்பட்ட குமிழ், கண்ணாடியை ஊடுருவிச் செல்லும் மின்கடத்திகள், கரியிழை ஆகியவற்றின் சேர்க்கைக்கு அதன் இரண்டாவது கோரிக்கை உரிமை கோரியது. இதை மீறியதாக யுனைட்டெட் ஸ்டேட்ஸ் எலக்ட்ரிக் லைட்டிங் நிறுவனத்தின் மீது எடிசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

முந்தைய தொழில்நுட்பம்

கரி, வெற்றிடம், கண்ணாடிக் கலம் ஆகிய எதுவும் புதியதன்று என எதிர்த்தரப்பு வாதிட்டது. வெற்றிடத்தில் கரியை ஒளிரச் செய்யும் விளக்குக்கு 1845 இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. ரஷ்யாவில் லோடிகினும், அமெரிக்காவில் சாயர், மேன் ஆகியோரும் 1870களில் கரி விளக்குகளை அமைத்திருந்தனர். கரியை மெலிதாக்கியது வெறும் அளவு வேறுபாடே என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

ஆனால், முந்தைய தடித்த கரித்துண்டுகளின் மின்தடை குறைவு. அவற்றுக்கு மிகுந்த மின்னோட்டமும் தடித்த செப்புக் கம்பிகளும் தேவைப்பட்டன. மெல்லிய இழையின் மின்தடை அதிகமாதலால் சிறு மின்னோட்டமே போதுமானது. பல விளக்குகளைப் பக்க இணைப்பில் சிக்கனமாக எரிக்கலாம். எனினும் அத்தகைய இழை நீடித்திருக்க உயர்ந்த வெற்றிடமும், அதைக் காக்க முற்றிலும் மூடப்பட்ட கண்ணாடிக் குமிழும் இன்றியமையாதவை.

தீர்ப்பு

1891 ஜூலையில் நீதிபதி வாலஸ் எடிசன் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மெல்லிய இழையே மின்னொளியைச் சிறு விளக்குகளாகப் பகிர்ந்தளிக்க வழிவகுத்தது என அவர் கருதினார். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 அக்டோபர் 4 அன்று அத்தீர்ப்பை உறுதி செய்தது. கூறுகள் தனித்தனியே அறியப்பட்டிருந்தாலும் இச்சேர்க்கை முன்னர் இருந்ததில்லை என்பதே இதன் சாரம்.

விளைவுகள்

1893 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், ஒரே கண்ணாடியாலான குமிழைத் தவிர்த்து, அடைப்பான் பொருத்திய ஈருறுப்பு விளக்குகளைத் தயாரித்தது. அதே ஆண்டில், ஹென்றி கோபெல் என்பவர் 1850களிலேயே இத்தகைய விளக்கைச் செய்திருந்தார் என்ற வாதம் வேறு வழக்குகளில் எழுந்தது. பாஸ்டன் நீதிமன்றம் அதனை ஏற்காது தடையாணை வழங்கியது. செயின்ட் லூயிஸ் நீதிமன்றம் தடையாணை வழங்க மறுத்தது.

வெளிநாட்டுக் காப்புரிமையின் காலம் முடிந்ததும் அமெரிக்கக் காப்புரிமையும் முடிவுறும் என்ற அக்காலச் சட்டத்தால், இக்காப்புரிமை 1894 நவம்பரில் காலாவதியானது. ஏழாண்டு வழக்கில் பெற்ற வெற்றி, ஏறத்தாழ ஈராண்டுகளே பயன்பட்டது.