குளிர் சமைத்த ஸ்ட்ராபெரி பால்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளும் நானும் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தோம். பக்கத்து மேசைக்கு உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்று வந்தது. அடியில் சிவப்பு, மேலே வெள்ளை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் புகைபோல் சுருண்ட இளஞ்சிவப்பு, உச்சியில் நுரை நுரையாக க்ரீம். நடுவில் ஐஸ் கட்டிகள்.

"அத்தை, இதை நம்ம வீட்டுல பண்ண முடியுமா?"

பால் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, வரும் வழியில் பழக்கடையில் 200 கிராம் ஸ்ட்ராபெரிப் பெட்டியும் கிடைத்தது. பழத்தை நறுக்கி, சர்க்கரை போட்டு, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். வீடெல்லாம் ஜாம் மணம். அதைச் சூட்டோடு சூடாகப் பாலில் ஊற்றினேன். எண்ணி ஐந்தாறு விநாடிதான். பால் திரிந்துவிட்டது. டம்ளரைச் சாய்த்தால் உள்சுவரில் இளஞ்சிவப்புத் திப்பிகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. அவற்றுக்கு நடுவே வெளிறிய தண்ணீர்.

"பால் கெட்டுப் போனதா அத்தை? இல்ல பழமா?"

இரண்டும் நல்லவைதான். தப்பு அடுப்பில் இருந்தது. அடுத்த வாரம் அதே பழம், அதே பால், அதே சர்க்கரையை வைத்து அடுப்பைப் பற்றவைக்காமலே செய்தோம், அருமையாக வந்தது. இந்தப் பானத்துக்குச் சமையல்காரர் நெருப்பு இல்லை, குளிர். அது என்னென்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால், நீங்களும் முதல் தடவையிலேயே நன்றாகச் செய்துவிடலாம்.

முதலில் சிவப்புச் சாறு. ஸ்ட்ராபெரிகளைக் காம்போடு கழுவுங்கள், கழுவிய பிறகு காம்பைக் கிள்ளுங்கள். முதலிலேயே கிள்ளிவிட்டால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ச் சுவை நீர்த்துவிடும். பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். 200 கிராம் பழத்துக்கு 4 மேசைக்கரண்டி சர்க்கரை. மேலே தூவிவிட்டு, கிளறாமல், கிண்ணத்துக்குள் உற்றுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சர்க்கரைப் பரல்களின் ஓரம் ஈரமாகும். பிறகு வெள்ளைப் பரல் இளஞ்சிவப்பாகும். கால் மணி நேரத்தில் பரல்களே தெரியாது, ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் ஒரு சிவப்பு வளையம் நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லையே, இது எங்கிருந்து வந்தது?

பழத்துக்குள்ளிருந்துதான். ஸ்ட்ராபெரியின் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் கோடிக்கணக்கான செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே சர்க்கரை மிகுந்து, உள்ளே குறைவாக இருக்கும்போது, செல்லின் மெல்லிய சவ்வைக் கடந்து தண்ணீர் வெளியே வருகிறது. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று படிக்கிறீர்கள். பாட்டி மாங்காயில் உப்பைப் பிசறி ஜாடியில் போட்டு வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்குமே, அதுவும் இதே கதைதான். அங்கே உப்பு இழுக்கிறது, இங்கே சர்க்கரை.

பழத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டால் இன்னும் நல்லது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிப்படிகமாகும்போது பருத்து, செல்சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் பழம் தொளதொளவென்று ஆகும், சாறு தாராளமாக வரும். குளிர் பார்க்கும் முதல் வேலை இது.

அடுப்பில் வைத்தாலும் சாறு வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் ஸ்ட்ராபெரியின் மணம் என்பது ஒரே பொருள் கிடையாது, நூற்றுக்கணக்கான பொருள்கள் சேர்ந்த கூட்டணி. அவற்றில் பல காற்றில் எளிதாகப் பறக்கக்கூடியவை. அன்றைக்கு வீடெல்லாம் மணத்தது என்றேனே, அத்தனையும் டம்ளருக்குள் இருக்க வேண்டிய மணம்! பழத்தின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமியும் நீண்ட நேரக் கொதிப்பைத் தாங்காமல் பழுப்பாக மாறத் தொடங்கும்.

சர்க்கரை போட்ட கிண்ணத்தை மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கதை சொல்கிறேன்.

இன்று நாம் சாப்பிடும் இந்தப் பெரிய ஸ்ட்ராபெரி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு உலகத்தில் எங்குமே இல்லை. ஐரோப்பாவில் இருந்தது காட்டு ஸ்ட்ராபெரி, சுண்டுவிரல் நுனி அளவுதான். பிரான்ஸ் நாட்டு ராணுவப் பொறியாளர் அமெதே ஃபிரான்சுவா ஃப்ரெஸியே, தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கோட்டைகளை வேவு பார்க்க அனுப்பப்பட்டார். சிலி நாட்டில் மக்கள் பெரிய பெரிய ஸ்ட்ராபெரிகளை வளர்ப்பதைப் பார்த்து அசந்துபோனார். அந்தச் செடிகளைக் கப்பலில் ஏற்றினார். மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாங்கி 1714-ல் ஐந்து செடிகள் பிரான்ஸ் வந்து சேர்ந்தன. பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிக்கு 'ஃப்ரெய்ஸ்' என்று பெயர். அவருடைய குடும்பப் பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்!

ஆனால் அந்தச் செடிகள் பூத்தன, காய்க்கவில்லை. அவை எல்லாமே பெண் செடிகள். பிறகு வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வேறொரு வகை ஸ்ட்ராபெரியைப் பக்கத்தில் நட்டபோது, அதன் மகரந்தம் பட்டுக் காய் பிடித்தது. அந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளைதான் இப்போது உங்கள் கிண்ணத்தில் இருப்பது. இது கலப்பினம் என்று 1766-ல் புத்தகம் எழுதி விளக்கியவர் அந்துவான் நிக்கோலா துஷேன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை! அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு பாதிகளிலிருந்தும் வந்த செடிகள் பிரான்ஸில் சந்தித்துக்கொண்ட இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரத்தில்தான் இது மிக அதிகமாக விளைகிறது. அந்த ஊர் ஸ்ட்ராபெரிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நம் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பயிரிடுகிறார்கள். மலையும் குளிரும் இருந்தால்தான் இதற்குச் சந்தோஷம்.

இன்னொன்று. பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக இருப்பவற்றை விதை என்கிறோம். உண்மையில் அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கனி, விதை அதற்குள் இருக்கிறது. நாம் ருசித்துச் சாப்பிடும் சிவப்புச் சதை, பூவின் அடிப்பகுதி பருத்து உருவானது.

சரி, சாறு தயாராகியிருக்கும். முள்கரண்டியால் வில்லைகளை மசித்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். தித்திப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா? இருக்கட்டும், குறைக்காதீர்கள். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். இனிப்புச் செய்தியை மூளைக்கு அனுப்ப உதவும் ஒரு வாயில் நம் சுவைச் செல்களில் இருக்கிறது. சூட்டில் அது நன்றாகத் திறக்கும், குளிரில் மந்தமாகிவிடும். இதை 2005-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள். உருகிப்போன ஐஸ்க்ரீமைக் குடித்துப் பார்த்திருந்தால் ஆய்வுக்கூடமே வேண்டாம், திகட்டுகிற அந்தத் தித்திப்பு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது பால். காய்ச்சி, ஆற வைத்து, ஆடை எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவைத்த பாலாக இருக்க வேண்டும். "ஐஸ்தான் போடப் போறோமே, பால் எப்படி இருந்தா என்ன?" என்று கேட்டாள் அண்ணன் மகள். தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 200 கிராம் பால் 28 டிகிரியில் இருக்கிறது, அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், பாலையும் தண்ணீர்போல வைத்துக்கொண்டு, 200 பெருக்கல் 24, மொத்தம் 4800 கலோரி. 80-ஆல் வகுத்தால் 60. கிட்டத்தட்ட 60 கிராம் ஐஸ் உருகி, அத்தனை தண்ணீரும் பாலில் சேரும். அது பாலின் அளவில் கால் பங்குக்கும் மேல்! பாலைக் குளிரவைத்து எடுத்தால் ஐஸ் கட்டி கட்டியாகவே நிற்கும், பானமும் கெட்டியாக இருக்கும்.

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சூடான சாறு பாலைத் திரித்தது, குளிர்ந்த சாறு ஏன் திரிக்கவில்லை? இரண்டிலும் இருப்பது அதே அமிலம்தானே?

பாலில் கேசீன் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் எதிர் மின்னேற்றம் இருப்பதால், ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அமிலம் சேர்ந்ததும் அந்த மின்னேற்றம் குறையும், தள்ளும் பலம் போய்விடும். இனி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே? கேசீனில் தண்ணீரோடு சேராத பகுதிகள் உண்டு. தண்ணீரிலிருந்து ஒதுங்கி அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் அந்தப் பசை. சூடு ஏறினால் இந்தப் பிடி இறுகும், குளிரில் தளரும். அதனால்தான் நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய சாறு நொடியில் பாலைத் திரித்தது. குளிர்ந்த சாறும் குளிர்ந்த பாலும் சேரும்போது உருண்டைகள் பக்கத்தில் வந்தும் பிடித்துக்கொள்ள முடியாமல் நழுவுகின்றன.

அடுத்தது க்ரீம். கடையில் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 30-க்கு மேல் இருந்தால்தான் நன்றாக நுரைத்து நிற்கும். மிக்ஸி வேண்டாம். மூடி இறுக்கமாக உள்ள ஜாம் பாட்டிலைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். குளிர்ந்த க்ரீமை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, மூடிக் குலுக்குங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் 'களக் களக்' என்று தண்ணீர்ச் சத்தம். கொஞ்ச நேரத்தில் 'தொப் தொப்'. பிறகு சத்தமே நின்றுவிடும். அங்கே நீங்களும் நிறுத்துங்கள்!

குலுக்கும்போது க்ரீமுக்குள் காற்றுக் குமிழிகள் புகுகின்றன. குளிரில் பாதி உறைந்த கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் மதில் கட்டுகின்றன. சென்னை வெயிலில் சமையலறை மேடை மேல் கிடந்த க்ரீமில் இந்தக் கொழுப்பு ஏறக்குறைய உருகியே இருக்கும். உருகிய செங்கல்லை வைத்து யாரால் மதில் கட்ட முடியும்? சத்தம் நின்ற பிறகும் குலுக்கிக்கொண்டே இருந்தால் மதில்கள் இடிந்து, கொழுப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு வெண்ணெய் ஆகிவிடும். ஆச்சி மத்து போட்டுக் கடைந்து எடுப்பாரே, அதே வெண்ணெய்தான். ரொட்டிக்கு ஆகும், பானத்துக்கு ஆகாது.

இனி அடுக்குவது எளிது. அடியில் சிவப்புச் சாறு, சர்க்கரை கரைந்திருப்பதால் அதற்குத்தான் அடர்த்தி அதிகம். அதன் மேல் ஐஸ் கட்டிகள். பாலை நேராக ஊற்றாமல் ஐஸ் கட்டியின் மேல் நூலாக விடுங்கள், வேகம் தணிந்து மெதுவாக இறங்கி, சாற்றின் மேலேயே நிற்கும். உச்சியில் க்ரீம். காற்று நிறைந்தது என்பதால் அது மூழ்காது.

எங்கள் இரண்டாம் டம்ளர் அப்படியே வந்தது. அவள் முதலில் கரண்டியைப் போடவே இல்லை. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் குனிந்து, சிவப்பு மெல்ல மெல்லப் பாலுக்குள் நூல் நூலாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு கேட்டாள்: "குளிர்ல திரியாதுன்னு சொன்னீங்களே, நிஜமாவே திரியாதா?"

இரண்டு சின்ன டம்ளர்களில் கால் டம்ளர் பால் எடுத்தோம். ஒன்று குளிர்ந்த பால், அதை ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம். இன்னொன்று கை பொறுக்கும் சூட்டில். எலுமிச்சைச் சாற்றையும் குளிரவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி விட்டு, உடனே கலக்கினோம். வெதுவெதுப்பான பால் கண்ணெதிரே உடைந்தது. குளிர்ந்த பால் உடையவில்லை. அவள் அதை ஐஸிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வெயில் படும்படி வைத்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி ஓடிப் போய்ச் சாய்த்துப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து ஒரு கூச்சல்.

"அத்தை! திப்பி வந்துடுச்சு!"