முருங்கையில் நுனி கிள்ளத் தயங்க வேண்டாம்

செடிமுருங்கை விதைத்து இரண்டு மாதம் ஆகிவிட்டதா? வயலுக்குப் போகும்போது இரண்டரை அடிக் குச்சி ஒன்றை அளவுக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த உயரத்தை, அதாவது 75 செ.மீ.யை எட்டிய செடிகளில் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். தளதளவென்று வளர்கிற செடியைக் கிள்ளுவதா என்று பலரும் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள்.

கிள்ளாமல் விட்டால் பெரியகுளம் பி.கே.எம்.1 ரகம் ஒரே தண்டாக ஓங்கிவிடும். நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி, கீழே உள்ள பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனி போனதும் அவை துளிர்த்துப் பக்கக் கிளைகள் வெடிக்கும். காய்ப்பது கிளைகளில்தான். உயரம் குறைவதால் காற்றில் ஒடிவதும் குறையும். பறிப்புக்குத் தொரட்டி தேட வேண்டாம். முருங்கை எவ்வளவு எளிதில் முறியும் என்பது தெரிந்ததுதானே!

இளந்தண்டாக இருக்கும்போது விரல் நகமே போதும். தள்ளிப்போட்டால் தண்டு முற்றி, கத்தி தேவைப்படும், காயமும் பெரிதாகும். மழை நாளில் கிள்ள வேண்டாம், காயத்தில் நீர் தங்கினால் அழுகல் வரலாம். எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். பின்தங்கியவற்றை விட்டுவைத்து, அவை உயரம் எட்டியதும் இன்னொரு நடை போய்க் கிள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் செடிக்கு 100 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட், 50 கிராம் பொட்டாஷ் இட்டு நீர் பாய்ச்சுங்கள்.