படகின் பின்புறத்துத் தலையணை

இயேசு காற்றையும் கடலையும் அடக்கிய நிகழ்ச்சியை மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகிய மூவரும் எழுதியிருந்தாலும், படகின் பின்புறத்தில் அவர் தலையணை வைத்து உறங்கினார் என்ற சிறு செய்தியைத் தருபவர் மாற்கு ஒருவரே. மன அமைதி குறித்த பாடமாக இப்பகுதியை வாசிப்போர் தொடங்க வேண்டிய இடமும் அந்தத் தலையணைதான். காற்று ஓய்வதற்கு முன்பே படகில் அமைதி இருந்தது, அது ஒருவரிடம் மட்டும் இருந்தது.

மாற்கு எழுதிய கிரேக்க மூலத்தில் 'மெகாஸ்', அதாவது 'பெரிய' என்னும் அடைமொழி மும்முறை வருகிறது: முதலில் புயலுக்கு, அடுத்து அதன்பின் உண்டான அமைதிக்கு, இறுதியில் சீடரின் அச்சத்துக்கு. வியப்புக் கலந்த அச்சமே எனினும், அலை அடங்கிய பிறகுதான் அது 'பெரிய' அச்சம் எனப்படுகிறது என்பதால், புறத்தே நேரும் அமைதி அகத்துக்குத் தானாகவே வந்துவிடுவதில்லை என்பது விளங்கும்.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்து 430இல் மறைந்த புனித அகுஸ்தீன், தம் மறையுரை ஒன்றில், கேட்ட வசைமொழியைக் காற்றாகவும், மூளும் சினத்தை அலையாகவும், தத்தளிக்கும் படகை நெஞ்சமாகவும் கொண்டு, கிறிஸ்துவை மறந்திருப்பதே அவர் உறங்குவது என்றும் அவரை நினைவுகூர்வதே எழுப்புவது என்றும் விளக்கினார். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர் போன்ற, கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஊரில் இப்பகுதியைக் கேட்கும் உழவரும் இதைத் தம் கதையாக உணர முடிவது இத்தகைய விளக்கத்தால்தான்.

ஆயினும், அலையை வெறும் உருவகமாக்கிவிடுவது நேர்மையாகாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்து பாக் நீரிணைக்குள் படகிறக்குவோர், எச்சமயத்தவராயினும், ஆழமற்ற கடலைக் காற்று எவ்வளவு விரைவில் கொந்தளிக்கச் செய்யும் என்பதை அறிவர். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தின் தென்னையையும் கூரையையும் படகையும் ஒருசேரச் சிதைத்தது. அத்தகையோரிடம் அஞ்சாதிருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நற்செய்தியின் போக்கே அன்று. தங்களைப் பற்றிக் கவலையில்லையா என்று சீடர் முறையிட்டபோது, இயேசு முதலில் எழுந்து காற்றைக் கடிந்தார். நம்பிக்கையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகே வந்தது என்று மாற்கு வரிசைப்படுத்துகிறார்.

அப்படகு சென்று சேர்ந்த மறுகரையில், எவராலும் அடக்க முடியாதவனாய்க் கல்லறைகளிடையே இரவும் பகலும் கூவித் திரிந்த ஒருவன் காத்திருந்தான். சிறிது நேரத்தில் அவன் ஆடையுடுத்தி, தெளிந்த அறிவோடு அமர்ந்திருப்பதை ஊரார் கண்டனர்.